ஐந்து பேர் இட்ட கையெழுத்து

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால், 'ஹாய் ஹாங்' என்னும் பழைய சரக்குக் கப்பல் ஒன்று, ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு மனிதர்களைச் சுமந்துகொண்டு, கரையேற அனுமதியும் திரும்பிச் செல்ல இடமும் இல்லாமல் நங்கூரமிட்டு நின்றது. அதில் இருந்தவர்கள் வியட்நாமிலிருந்து புறப்பட்டவர்கள். பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அந்த நாட்டில் வியாபாரம் செய்து வாழ்ந்த சீன வம்சத்தவர். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்து யுத்தம் முடிவடைந்த பின்னும் பொறுத்திருந்த இவர்கள், 1978இல் தனியார் வியாபாரத்தைப் புதிய ஆட்சி பறிமுதல் செய்யத் தொடங்கியதும், இனி இங்கே பிழைப்பில்லை என்று கண்டு, கையிலிருந்த தங்கத்தைக் கொடுத்துக் கப்பலில் இடம் பிடித்திருந்தார்கள். காசு கொடுத்துப் பிரயாணம் செய்தவன் அகதியாக மாட்டான் என்பது மலேசிய சர்க்காரின் வாதம். தங்கம் கொடுத்தாவது தப்ப வேண்டிய நிலையில் ஒருவன் இருக்கிறான் என்பதே அவனுடைய ஆபத்துக்கு அத்தாட்சி என்று வாதிக்கவும் இடமுண்டு. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் அவர்களை அகதிகளாகவே கருதியது. கடைசியில் பல தேசங்கள் அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள முன்வந்தன. கனடா 604 பேரை ஏற்றுக்கொண்டது.

அறுநூறு பேரை ஒரு பெரிய தேசம் ஏற்பதில் அதிசயப்பட எதுவுமில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் தேசத்தில் நடந்ததுதான் சரித்திரத்தில் இடம் பெற்றது. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளின் அகதிகள் 60,049 பேர் கனடாவில் குடியேறினார்கள். அவர்களுள் 32,281 பேரை, அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்களை, அழைத்து வைத்துப் பராமரித்தவர்கள் சாதாரணப் பிரஜைகள். திருச்சபையைச் சேர்ந்தவர்களும், ஒரே தெருவில் குடியிருந்தவர்களும், ஒரே காரியாலயத்தில் வேலை பார்த்தவர்களுமாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தை ஓராண்டு காலம் நாங்கள் தாங்குவோம் என்று சர்க்காரின் காகிதத்தில் கையெழுத்திட்டன.

அகதிகளைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 1951இல் உண்டாயிற்று. கனடா அதில் சேர்ந்தது 1969இல். அதில் கையெழுத்திட்டவை எல்லாம் ராஜ்யங்களே. கடமை என்று அதில் சொல்லப்பட்டவையும் ராஜ்யங்களின் கடமைகளே. ஆனால் அகதியாக வந்தவனுக்கு அன்றாடம் வேண்டியிருப்பவற்றை, குளிருக்கு ஏற்ற சட்டையிலிருந்து, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பல்வலிக்கு வைத்தியர், பஸ் ஏறும் வழி, வேலை கொடுக்கும் முதலாளி, பேச்சுத் துணைக்கு ஒரு மனிதன் என்பவை வரை, எந்த ராஜ்யமும் தன் காரியாலய மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட முடியாது. பணத்தை சர்க்கார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனைக் கொடுக்க முடியாது. இந்த உண்மையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே கனடியர் செய்த காரியத்தின் விசேஷம்.

1976இல் நிறைவேறி 1978 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில், வயது வந்த ஐந்து பேர் சேர்ந்தோ, பதிவு பெற்ற ஒரு ஸ்தாபனமோ, அகதி ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ தங்கள் பொறுப்பில் அழைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இடம் பெற்றது. வாடகை, உணவு, உடை, ஊரோடு பழகச் செய்தல் ஆகிய எல்லாம் ஓராண்டுக்கு அவர்கள் தலைமேல். வருகிறவரோ முதல் நாளிலிருந்தே நிரந்தர வசிப்புரிமை பெற்றவராய் வருவார். அழைத்தவர்களோடு மனஸ்தாபம் நேர்ந்தாலும் அவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பின்னால் சொன்ன இந்த நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. தர்மம் செய்பவனுடைய மனம் மாறினாலும் தர்மம் பெற்றவனுடைய நிலை மாறாதபடி சட்டம் காவல் நிற்கிறது என்பதால்தான், இதை வெறும் அன்னதானத்தோடு சேர்த்து எண்ண நமக்கு மனம் வருவதில்லை.

சட்டத்தில் இடம் பெற்ற இந்த ஏற்பாடு முதல் ஓராண்டுக் காலம் ஏறக்குறையத் தூங்கிக் கிடந்தது. ஓராண்டுச் செலவுக்குப் பிணை நிற்பதென்றால் ஒரு சிறிய கிராமத்துச் சபையார் பயப்படுவது இயல்பே. அந்தப் பயத்தைத் தீர்க்கும் வழியை முதலில் கண்டவர்கள் மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். யுத்தத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்ட அவர்களுள் இருபதாயிரம் பேர் வரை, 1920களில், புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவிலிருந்து அகதிகளாகக் கனடாவுக்கு வந்தவர்கள். கையில் காசில்லாத அவர்களைக் கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனி கடனாக ஏற்றி வந்தது. அந்தக் கடனை வட்டியோடு அடைத்து முடிக்க அவர்களுக்கு 1946 வரை ஆயிற்று. தங்கள் தகப்பன்மாருடைய கப்பல் கட்டணத்தைத் தங்கள் கோதுமை வயலிலிருந்து செலுத்திய ஞாபகம் மாறாத அந்த ஜனங்கள், 1979 மார்ச்சில் சர்க்காரோடு ஒரு மூல ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சட்டப்படி பிணை நிற்பது தலைமை ஸ்தாபனம். எந்த ஊரில் எந்தச் சபை எந்தக் குடும்பத்தை ஏற்கிறது என்பதை அது தானே விசாரித்துத் தீர்மானிக்கும். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒவ்வொரு சபையின் கணக்கையும் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. மற்றத் திருச்சபைகளும் யூத ஸ்தாபனங்களும் இதே வழியைப் பின்பற்றின. உருக்கமான பிரசங்கங்களைக் காட்டிலும் இந்த ஒப்பந்தக் காகிதம் அதிகக் காரியத்தைச் சாதித்தது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாண்டுக் கோடைகாலத்தில் படகு அகதிகளின் பரிதாபம் உச்சத்தை அடைந்தது. மலேசியக் கரைக்கு அப்பால் உள்ள புலாவ் பிடோங் என்னும் சிறு தீவில், சமதரை என்று சொல்லக்கூடிய துண்டு நிலத்தில், நாற்பதாயிரம் பேர் பலகையும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு குடிசை கட்டி அடைந்து கிடந்தார்கள். அந்தக் காட்சிகள் வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் தெரிந்தன. டொராண்டோ நகரில் யார்க் சர்வகலாசாலையின் தத்துவப் பேராசிரியர் ஹோவர்ட் ஏடல்மன், ஜூன் 24ஆம் தேதி, தம் தெருவில் உள்ளவர்களையும் அக்கம்பக்கத்துக் கோவில் குருமார்களையும் தம் வீட்டுக்கு அழைத்தார். குடியேற்ற மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதுவதுதான் உத்தேசம். கூட்டத்தைக் கேள்விப்பட்டு வந்திருந்த இரண்டு குடியேற்ற உத்தியோகஸ்தர்கள், கடிதம் எழுதுவதைவிட நீங்களே ஒரு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமே, அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதே என்று எடுத்துச் சொன்னார்கள். சட்டம் தெரிந்த உத்தியோகஸ்தன் அதைச் சொல்வதற்காக ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு வரவேற்பறைக்கு வருவது எந்த நாட்டிலும் அபூர்வம். பத்திரிகை எழுத்தாளர் ஒருவர் இந்தச் செய்தியை எழுதி, 'ஆபரேஷன் லைஃப்லைன்' என்று அதற்குப் பெயரும் இட்டுவிட்டார். சில வாரங்களுக்குள் அந்தப் பெயரில் தேசம் எங்கும் கிளைகள் தோன்றின.

தலைநகராகிய ஆட்டவாவில் நடந்ததும் இதைப் போன்றதே. நகரின் மேயர் மாரியன் டியூவர் என்ற அம்மையார், தேசம் அவ்வாண்டுக்கு ஏற்பதாகச் சொன்ன எண்ணாயிரம் பேரில் பாதிப்பேர் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், இன்னும் நாலாயிரம் பேர் பாக்கி என்று கேட்டதும், அந்த நாலாயிரம் பேரையும் எங்கள் நகரமே ஏற்கும் என்று சொல்லிவிட்டார். முனிசிபாலிட்டிக்கு அப்படிச் சொல்ல அதிகாரமுண்டா, பணமுண்டா என்றெல்லாம் ஆராய்ந்த பிறகு பேசியிருந்தால் அவர் அவ்வாறு பேசியிருக்க முடியாது. ஜூலையில் அவர் கூட்டிய பொதுக்கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து, வீடு தருகிறேன், மெத்தை தருகிறேன், மொழி கற்பிக்கிறேன் என்று பெயர் கொடுத்தார்கள்.

மந்திரிசபையின் உள்ளே நடந்தது இதைவிட ருசிகரமானது. இர்விங் அபெல்லா, ஹரால்ட் டிரோப்பர் என்ற இரண்டு சரித்திர ஆசிரியர்கள், ஹிட்லர் காலத்தில் தஞ்சம் கேட்ட யூதர்களுக்குக் கனடா கதவை அடைத்த கதையை ஆவணங்களோடு ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 1939இல் 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் கியூபாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடம் மறுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கே திரும்ப நேர்ந்ததும், அவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொலைக்கு இரையானதும் அதில் அடக்கம். இந்த ஆராய்ச்சியின் கையெழுத்துப் பிரதி குடியேற்ற மந்திரி ரான் ஆட்கியின் கைக்கு வந்தது. முப்பத்தேழு வயதில் மந்திரியானவர் அவர். கதவை அடைத்த மந்திரிகளின் வரிசையில் தம் பெயரும் சேரக்கூடாது என்ற எண்ணம் அதைப் படித்தபின் தம்மை விட்டு நீங்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சரித்திர ஆராய்ச்சியால் ராஜ்ய காரியத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இந்த உதாரணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அகதிகளைப் பற்றி ஜெனீவாவில் சர்வதேச மகாநாடு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 18ஆம் தேதி, ஆட்கியும் வெளிநாட்டு மந்திரி ஃப்ளோரா மக்டொனால்டும் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள்: 1980 இறுதிக்குள் கனடா 50,000 பேரை ஏற்கும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எண்ணாயிரம் போக மீதியில், ஜனங்கள் தம் பொறுப்பில் ஒருவரை அழைத்தால், சர்க்கார் தன் செலவில் இன்னொருவரை அழைக்கும். ஒன்றுக்கு ஒன்று. இதைக் கேட்டவர்கள் தாங்கள் அழைக்கும் ஒரு குடும்பம் உண்மையில் இரண்டு குடும்பம் என்று உணர்ந்தார்கள். சர்க்கார் தன் கணக்கை ஜனங்களின் கணக்கோடு பகிரங்கமாகப் பிணைத்துக்கொண்டதால் உண்டான உற்சாகத்தை வேறு எந்த விளம்பரமும் உண்டாக்கியிருக்க முடியாது.

காரியம் நடந்த விதத்தை ஓரளவு விவரிப்பது அவசியம். மலேசியா, தாய்லாந்து முதலிய இடங்களின் முகாம்களுக்குச் சென்ற விசா உத்தியோகஸ்தர்கள், தென்னை மரத்தடியில் மேஜை போட்டுக் குடும்பம் குடும்பமாக விசாரித்துத் தேர்ந்தார்கள். அவர்கள் அனுப்பிய பெயர்ப் பட்டியலையும், ஊர் ஊராக வந்த குழுக்களின் விண்ணப்பங்களையும் தலைநகரில் ஒரு காரியாலயம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரிய வீடு வைத்திருக்கும் குழு எது, நோயாளிக் குழந்தைக்கு அருகில் ஆஸ்பத்திரி உள்ள ஊர் எது என்று பார்த்துப் பொருத்தியது. நம் ஊரில் ஜாதகம் பார்த்துப் பொருத்துபவர்களுக்கு இருக்கும் கவலை அந்தக் குமாஸ்தாக்களுக்கும் இருந்திருக்கும். வாடகைக்கு அமர்த்திய ஆகாய விமானங்கள் எட்மன்டனிலும் மாண்ட்ரியாலிலும் இறங்கின. அங்கே ராணுவப் பாசறைகள் தற்காலிக விடுதிகளாக மாறியிருந்தன. உஷ்ண தேசத்திலிருந்து ரப்பர்ச் செருப்போடு வந்தவர்களுக்குப் பனிக்காலக் கோட்டும் பூட்சும் அளவு பார்த்துக் கொடுத்தவர்கள் சிப்பாய்கள். வைத்தியப் பரிசோதனையும் காகித வேலையும் முடிந்ததும், அவரவர்க்குரிய குழு இருக்கும் ஊருக்குப் பிரயாணம். விமான நிலையத்தில் பெயரெழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு பேர் காத்து நிற்பார்கள். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திராது.

அதற்குப் பிறகு தொடங்கும் ஓராண்டு, வரவேற்பு வைபவங்களைப் போலச் சுலபமானதன்று. ஒருவர் வீட்டு வாடகைக்குப் பணம் திரட்டுவார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சாயங்காலங்களில் ஆங்கிலமோ பிரெஞ்சோ சொல்லிக் கொடுப்பார். இன்னொருவர் தம் தொழிற்சாலையின் மேற்பார்வையாளரிடம் வேலைக்குச் சிபாரிசு செய்வார். அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிப்பதற்கே ஒருவர் அலைய வேண்டியிருக்கும். சைகோனில் மருந்துக்கடை நடத்தியவர் இங்கே மீன் சுத்தம் செய்யும் ஆலையில் நிற்க நேர்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. துபாஷி கிடைக்காமல், பத்து வயதுப் பையன் தன் தாயின் வியாதியை வைத்தியருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்த சந்தர்ப்பங்களும் உண்டு. சிறு ஊர்களில் ஆசையோடு குடியேற்றப்பட்ட பலர், தங்கள் மொழி பேசுகிறவர்களைத் தேடி டொராண்டோவுக்கும் மாண்ட்ரியாலுக்கும் பிறகு போய்விட்டார்கள். அப்போது மனம் நொந்துபோன குழுக்கள், தாங்கள் ஒரு குடும்பத்தை வாழ வைக்க ஒப்புக்கொண்டோமே தவிரத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சிறிது காலம் கழித்தே உணர்ந்தன.

உபகாரம் செய்பவனுக்கும் பெறுபவனுக்கும் நடுவே உள்ள உறவில் ஒரு விஷமும் உண்டு. வாடகையைக் கொடுப்பவன், அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறான். பார்த்தவன் யோசனை சொல்கிறான். சொன்ன யோசனையைக் கேட்காவிட்டால் நன்றியில்லாதவன் என்கிறான். குழந்தையை எப்படி வளர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவதா, சம்பாதித்த முதல் பணத்தில் டெலிவிஷன் வாங்குவதா ஊரில் இருக்கும் தாயாருக்கு அனுப்புவதா என்ற விஷயங்களிலெல்லாம் மூக்கை நுழைத்த குழுக்கள் இருந்தன. ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்பதில் உள்ள ஒரு நன்மை இங்கேதான் தெரிகிறது: அவர்களுள் ஒருவராவது, அதிகமாய்ப் போகிறாய் என்று மற்றவரின் கையைப் பிடித்து இழுப்பார்.

ஜனங்கள் எல்லோரும் ஒரே மனத்தோடு இதில் ஈடுபட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வாண்டுக் கருத்துக் கணிப்புகளில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஓர் அமைப்பு முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து, இப்போது ஐம்பதாயிரம் என்றால் பின்னால் உறவினர் என்று லட்சக்கணக்கில் வருவார்கள் என்று பயமுறுத்தியது. ஆயினும் கணிப்பில் 'வேண்டாம்' என்று பதில் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். 'வேண்டும்' என்றவர்கள் ஓராண்டு உழைக்கத் தயாராயிருந்தார்கள். இவ்விரண்டும் எண்ணிக்கையில் சமமாயிருந்தாலும் பலத்தில் சமமாகா.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் சம்பவத்துக்கு வருகிறேன். 1979 இறுதிக்குள் ஜனங்கள் அளித்த கையெழுத்துகள், ஒன்றரை ஆண்டுக்கென்று அவர்களுக்கு விடப்பட்ட பங்கைத் தாண்டிவிட்டன. ஒன்றுக்கு ஒன்று என்ற வாக்கின்படி பார்த்தால் சர்க்காரும் மேலே போக வேண்டும். டிசம்பரில் மந்திரிகள் வேறு வழி கண்டார்கள்: மொத்தம் ஐம்பதாயிரம் என்பது மாறாது, ஜனங்கள் அதிகமாக அழைத்திருப்பதால் சர்க்கார் பங்கில் அந்த அளவு குறைக்கப்படும், மிச்சமாகும் பணம் பஞ்சத்தில் வாடும் கம்போடிய ஜனங்களின் நிவாரணத்துக்கு அனுப்பப்படும். பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். கம்போடியாவில் பசி நிஜமானது, பணம் வீணாகவில்லை. ஆனால் குழுக்கள் கொதித்தெழுந்தன. தாங்கள் கூடுதலாக ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியே அவர்கள் பணம் திரட்டினார்கள். சர்க்கார் எப்படியும் அழைத்திருக்கக்கூடிய ஒருவருக்குத் தாங்கள் செலவு செய்து, பொக்கிஷத்துக்கு லாபம் சம்பாதித்துக் கொடுத்ததாக இப்போது ஆயிற்று. ஏடல்மன் முதலியவர்கள் இதை வாக்குத் தவறியதாகவே பகிரங்கமாகக் கண்டித்தார்கள்.

அந்த மந்திரிசபை அதே மாதத்தில் வேறொரு காரணத்தால் கவிழ்ந்தது. 1980 ஏப்ரலில் புதிய குடியேற்ற மந்திரி லாயிட் ஆக்ஸ்வொர்தி, சர்க்கார் செலவில் இன்னும் பதினாயிரம் பேர் வருவார்கள் என்று அறிவித்த பிறகே மனக்கசப்பு ஒருவாறு தணிந்தது. மொத்தம் அறுபதினாயிரமாக உயர்ந்ததும் இதனால்தான். சமூகத்தின் பல பகுதிகளும் சேர்ந்து அகதிகளைத் தாங்க வேண்டும் என்று இக்காலத்தில் மகாநாடுகளில் அடிக்கடி பேசப்படுகிறது. அவ்வாறு பேசும் ராஜ்யங்கள் உண்மையில் சேர்ந்து தூக்க வருகின்றனவா, அல்லது மற்றவர்கள் தூக்கத் தொடங்கியதும் தம் தோளை விலக்கிக்கொள்ளப் பார்க்கின்றனவா என்பதை அறிய, 1979 டிசம்பரில் அந்தக் குழுக்கள் கேட்ட கேள்வியையே கேட்க வேண்டும்: எங்கள் ஒன்று, உங்கள் ஒன்றோடு சேர்கிறதா, உங்கள் ஒன்றைக் கழிக்கிறதா?

1986இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம், அகதிகளுக்குச் சேவை செய்தவர்களுக்கு வழங்கும் நான்சன் பதக்கத்தைக் 'கனடிய ஜனங்கள்' எல்லோருக்கும் சேர்த்து அளித்தது. ஒரு தேசத்து ஜனங்கள் முழுவதற்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

அதே 1986இன் ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். முதலில் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர். வலையையும் மீனையும் விட்டுவிட்டு, அவரும் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களும் அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். யார், எந்தத் தேசம், காகிதம் இருக்கிறதா என்ற கேள்வி சமுத்திரத்தில் எழவில்லை. கரையேறிய பிறகே எழுந்தது. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் அவர்கள் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று பிறகு வெளியானதும், பத்திரிகைகளிலும் ரேடியோவிலும் பெரிய கோபத்தைக் கிளப்பின. இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பின் சிதறிய ஒரு ஜனத்தொகை, ஜெர்மனியில் நிலைத்திருக்க உறுதியான இடமின்றி, இன்னொரு தடவை கடல் ஏறிய காரணத்தை விசாரிக்கப் பொறுமை பலருக்கு இல்லை. ஆயினும் பிரதம மந்திரி பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். ஓராண்டு தங்கி வேலை செய்ய மந்திரியின் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. சர்வகலாசாலை ஒன்றின் மாணவர் விடுதி சில நாட்களுக்கு அவர்கள் வீடாயிற்று. பிறகு டொராண்டோவிலும் மாண்ட்ரியாலிலும் முன்பே குடியேறியிருந்த தமிழர்கள் பொறுப்பை ஏற்றார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கையெழுத்திட்டு அழைக்கும் அகதி, தூரதேசத்து முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டு, சீட்டோடு விமானத்தில் வருகிறான். அவனை எதிர்கொள்ள ஜனங்கள் பூச்செண்டோடு நிற்கிறார்கள். அழைக்காமல் கரையில் வந்து ஒதுங்கும் அகதி அதே ஜனங்களுக்குச் சந்தேகத்துக்குரியவனாகத் தோன்றுகிறான். 1987 ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் ஒரு மீனவ கிராமத்தில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், கப்பலிலிருந்து இறங்கினார்கள். கிராமத்தார் அவர்களுக்கு ரொட்டியும் பானமும் கொடுத்து உபசரித்தார்கள். தலைநகரிலோ பார்லிமெண்ட் விடுமுறையில் அவசரமாகக் கூட்டப்பட்டுக் கடுமையான மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. 2010இல் 'சன் சீ' என்ற கப்பலில் 492 தமிழர்கள் மேற்குக் கரையை அடைந்தபோது, குழந்தைகளோடு வந்த தாய்மார் உட்பட அவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். பதக்கம் பெற்ற தேசம் இது.

காருண்யத்தின் இந்தப் பாரபட்சத்துக்கு மருந்து நீதிமன்றத்தில் ஓரளவு முன்பே கிடைத்திருந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் தேதி, சிங் வழக்கு என்று வழங்கும் வழக்கில், கனடாவின் உச்ச நீதிமன்றம், அந்நாட்டு மண்ணில் நின்று தஞ்சம் கேட்கும் எவரையும், அவர் வாய்மொழியைக் கேட்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து நிராகரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வழக்காடியவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். பலன் பெற்றவர்களுள் தமிழர்கள் ஏராளம். அகதிகளைத் தாங்கும் சமூகப் பகுதிகளைக் கணக்கிடும்போது திருச்சபையையும் முதலாளியையும் சர்வகலாசாலையையும் சொல்லி வக்கீலை மறந்துவிடுகிறோம். வரவேற்பவர்கள் இல்லாத அகதிக்கு மிஞ்சியிருப்பது அந்த வக்கீல் ஒருவரே.

1979இல் செயல்படத் தொடங்கிய ஏற்பாட்டின் கீழ் இதுவரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கனடாவை அடைந்திருக்கிறார்கள். அதற்கு ஓராண்டு முன்பே சர்வகலாசாலை மாணவர்கள் தனியாக ஒரு வழி தொடங்கியிருந்தார்கள்: ஒவ்வொரு மாணவரும் தம் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை கட்டுவது, அதைக் கொண்டு முகாமிலிருந்து ஓர் அகதி மாணவரை அழைத்துத் தம்மோடு படிக்க வைப்பது. வந்தவருக்கு எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்பதிலிருந்து எந்தப் பேராசிரியரிடம் ஜாக்கிரதையாக இருப்பது என்பது வரை சொல்லிக் கொடுக்கச் சம வயதினரே இருப்பதால், முன்பு சொன்ன விஷம் இங்கே குறைவு.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் அலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் சடலம் கிடந்த படம் உலகெங்கும் வெளியானபோது, அக்குழந்தையின் அத்தை கனடாவில் வசிப்பவர் என்பதும் தெரியவந்தது. தேர்தல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அடுத்த பிப்ரவரிக்குள் 25,000 சிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். பழைய பெயரை நினைவூட்டி 'லைஃப்லைன் சிரியா' என்ற அமைப்பும் டொராண்டோவில் இயங்கியது. குடும்பங்கள் வருவதற்கு முன்பே வீடு பிடித்து, கட்டில் மெத்தை போட்டுவிட்டுக் காத்திருந்த குழுக்கள், ஏன் இன்னும் எங்கள் குடும்பம் வரவில்லை என்று சர்க்காரோடு சண்டையிட்டன. அகதிகள் வருவது போதாது என்று பிரஜைகள் அரசாங்கத்தைக் கடிந்துகொள்ளும் விநோதத்தை மற்ற தேசங்கள் வியப்போடு பார்த்தன. பிரிட்டன் 2016இல் இதே முறையைச் சிறிய அளவில் தொடங்கியது. இத்தாலியில் கத்தோலிக்க, புரொட்டஸ்டண்ட் அமைப்புகள் சர்க்காரோடு சேர்ந்து லெபனானிலிருந்து விமானத்தில் அகதிகளை அழைத்துவர ஏற்பாடு செய்தன. 2018 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அகதிகள் பற்றிய உலக உடன்பாடும் இந்த வழியைச் சிபாரிசு செய்தது. அமெரிக்கா 2023இல் தொடங்கிய இத்தகைய திட்டம் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் நின்றது.

பெயரும் பதக்கமும் பெற்ற, இம்முறையின் தாய்நாடாகிய கனடாவிலும் நிலைமை இப்போது இறுக்கமானதுதான். விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் அனுமதிக்கப்படும் எண்ணிக்கையைப் பல மடங்கு தாண்டிவிட்டன. கையெழுத்திட்ட குழு தன் குடும்பத்தைக் காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அதற்குள் சேர்த்த பணம் வங்கியில் கிடக்கிறது, குழுவில் ஒருவர் ஊர் மாறிப் போகிறார், முகாமில் இருக்கும் குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகிவிடுகிறது. தேங்கிய விண்ணப்பங்களைக் காரணம் காட்டி, 2024 நவம்பர் இறுதியிலிருந்து, ஐந்து பேர் குழுக்களிடமிருந்தும் ஊர்ச் சங்கங்களிடமிருந்தும் புதிய விண்ணப்பங்களை வாங்குவதைக் கனடா சர்க்கார் நிறுத்திவைத்தது. மென்னோனைட்டுகள் முதலில் செய்துகொண்டதைப் போன்ற மூல ஒப்பந்தம் உள்ள ஸ்தாபனங்கள் மட்டும், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள், இன்னும் அழைத்துக்கொண்டிருக்கின்றன.